சங்கத்தில் சேமிப்பு, சங்கத்தில் கடன், சங்கத்திலேயே வேலை: மூன்றும் சேரலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 36 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் குடியிருக்கிறோம். உள்ளூர் வங்கி ஒன்றின் கிளையில் எட்டு ஆண்டுகளாக முகப்புச் சேவையில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 4,300 வெள்ளி. அப்பா வேலை பார்த்த இடத்தின் ஊழியர்கள் நடத்தும் சிக்கன சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்கு 88,000 வெள்ளி வைப்பும் 6,000 வெள்ளி பங்கும் இருக்கின்றன. "நம்ம ஆளுங்க நடத்துற பேங்க், நாப்பது வருஷமா ஒரு குறையும் இல்லை" என்பார். இப்போது அதே சங்கத்தில் கடன் அதிகாரி வேலைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் எங்கள் சேமிப்பு 40,000 வெள்ளியையும் அங்கே மாற்றச் சொல்கிறார் அப்பா. வீட்டுப் புதுப்பிப்புக்கு 24,000 வெள்ளி கடனும் அங்கேயே 3.5 விழுக்காட்டுக்குக் கிடைக்குமாம். பணம் பத்திரமா? வேலைக்குப் போகலாமா? கடனுக்கு என் கணவர் பிணை நிற்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை எடுக்கலாம், கீழே சொல்லும் சில கேள்விகளுக்கு நல்ல பதில் வந்தால். 40,000 வெள்ளியைக் கொண்டுபோக வேண்டாம். கடனை வங்கியில் எடுங்கள். அப்பாவின் 88,000 வெள்ளியில் ஒரு பகுதியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சங்கம் மோசம் என்பதால் அல்ல. ஒரே இடத்தில் உங்கள் சம்பளம், உங்கள் கடன், குடும்பத்தின் சேமிப்பு எல்லாம் இருந்தால், அந்த இடம் தடுமாறும் நாளில் நாலு பக்கமும் ஒன்றாக அடிபடும். வங்கியில் வேலை செய்பவருக்கு இது புதிதல்ல, ஆனால் அப்பா சொல்லும்போது மறந்துவிடும்.

முதலில், அது "பேங்க்" அல்ல. சிங்கப்பூரில் அந்தச் சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ளவே நாணய ஆணையத்தின் அனுமதி வேண்டும். கடன் கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றைக் கவனிப்பவர் கலாசார, சமூக, இளையர் துறை அமைச்சின் கீழுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர். பழைமைக்குக் குறைவில்லை: இங்கே கூட்டுறவுச் சட்டம் வந்தது 1924இல், அரசாங்க ஊழியர்களின் சிக்கன, கடன் சங்கம் தொடங்கியது 1925இல். வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட எழுத்தர்களுக்காக வந்த ஏற்பாடு அது. பிறகு ஆசிரியர்கள், காவல்துறையினர், சுங்கத்துறையினர், துறைமுகத் தொழிலாளர்கள் எனத் தொழிலுக்கொரு சங்கம் உருவானது. நம் தாத்தாக்கள் பலர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் கல்யாணச் செலவுக்கும் கடன் வாங்கியது இங்கேதான். அந்த நன்றி உங்கள் அப்பாவின் பேச்சில் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் நன்றி வேறு, காப்புறுதி வேறு.

காப்புறுதி விஷயம் இதுதான். முழு வங்கிகளிலும் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களிலும் சிங்கப்பூர் வெள்ளியில் உள்ள வைப்புக்கு, ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 100,000 வெள்ளி வரை எஸ்டிஐசி (சிங்கப்பூர் வைப்புக் காப்புறுதிக் கழகம்) காப்பு உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு, அதற்கு முன் 75,000. கூட்டுறவுச் சங்கங்கள் இந்தத் திட்டத்தில் இல்லை. அப்பாவின் 88,000 வெள்ளிக்குக் காப்பு ஒரு காசும் கிடையாது.

"சங்கமே அந்தப் பணத்தை பேங்க்லதானே ஃபிக்சட் டெபாசிட் போட்டிருக்கு" என்று அப்பா திருப்பிக் கேட்பார், எல்லா அப்பாக்களும் கேட்பது. அந்த வைப்பில் வைப்பாளர் சங்கம், உங்கள் அப்பா அல்ல. வங்கி மூழ்கினால் சங்கம் என்ற ஒரே வைப்பாளருக்குத்தான் அந்த 100,000 வெள்ளி வரம்பு, உறுப்பினர் தலைக்குத் தலை அல்ல. சங்கமே மூழ்கினால் எஸ்டிஐசிக்கு அதில் வேலையே இல்லை.

இங்கே பங்கையும் வைப்பையும் பிரித்துப் பாருங்கள், பல உறுப்பினர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 6,000 வெள்ளி பங்கு என்பது மூலதனம். அதற்குக் கிடைப்பது லாப ஈவு, வட்டி அல்ல. உபரி வந்தால் தருவார்கள், வராவிட்டால் இல்லை. சங்கம் நட்டப்பட்டால் முதலில் கரைவது சேமநிதி (பழைய உபரிகளிலிருந்து ஒதுக்கி வைத்த பணம்), அடுத்து பங்கு, அதற்குப் பிறகுதான் வைப்பு. பங்கைப் பொதுவாக உறுப்பினர் விலகும்போதுதான் திரும்பப் பெற முடியும். உறுப்பினர் கடன் வைத்திருந்தால் அவருடைய பங்கின் மீதும் வைப்பின் மீதும் சங்கத்துக்கு முதல் பிடி உண்டு, கழித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். உறுப்பினர் என்றால் உரிமையாளர். எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு வாக்கு. பெருமைக்குரிய விதி. நட்டத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர் என்பதைப் பொதுக்கூட்ட மதியச் சாப்பாட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்படியானால் பத்திரமா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது? ஆண்டறிக்கையை எடுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும், அதற்கு முன்பே கணக்கு உறுப்பினர் கைக்கு வரும். அப்பாவின் அலமாரியில் பிரிக்காத உறைகளாக நாலைந்து கிடக்கலாம். ஒரு கற்பனைச் சங்கத்தை வைத்துக் காட்டுகிறேன், உங்கள் சங்கத்தின் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

உறுப்பினர் வைப்பு 40 மில்லியன், பங்கு 6 மில்லியன், சேமநிதி 4 மில்லியன், ஆக 50 மில்லியன். அந்தப் பணம் இருக்கும் இடம்: உறுப்பினர் கடன் 22 மில்லியன், ரொக்கமும் வங்கி வைப்பும் 9 மில்லியன், கடன்பத்திரங்களும் பங்குச் சந்தை முதலீடும் 15 மில்லியன், கட்டடம் 4 மில்லியன்.

கடன் சங்கம் என்கிறோம், பணத்தில் பாதிகூடக் கடனாகப் போகவில்லை. இது சங்கத்தின் சோம்பல் அல்ல. வங்கிகளின் தனிநபர் கடன் கைத்தொலைபேசியில் சில நிமிடத்தில் கிடைக்கும்போது, சம்பளச் சீட்டும் இரண்டு பிணையாளர்களும் கேட்கும் சங்கத்துக்கு இளையர்கள் வருவது குறைவு. சேமிப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த வட்டி பிடிக்கும். மிஞ்சும் பணத்தைச் சங்கம் எங்கேயாவது போட்டாக வேண்டும். ஆகவே இன்றைய சங்கத்தின் ஆபத்து பெரும்பாலும் கடன் வாங்கியவர் ஓடிப்போவதில் இல்லை, முதலீட்டில் இருக்கிறது.

இப்போது வரவு செலவு. கடனில் 6 விழுக்காடு வந்தால் 1,320,000 வெள்ளி. வங்கி வைப்பில் 2.5 விழுக்காடு என்றால் 225,000. முதலீட்டில் 4 விழுக்காடு என்றால் 600,000. மொத்தம் 2,145,000. வைப்புக்கு 3 விழுக்காடு வட்டி கொடுத்தால் 1,200,000 போகும். சம்பளம், வாடகை, கணினி, தணிக்கை என்று 700,000. மீதி 245,000 வெள்ளி. இதில் மத்திய கூட்டுறவு நிதிக்கு 5 விழுக்காடு, அதாவது 12,250 வெள்ளி செலுத்த வேண்டும். உபரி 500,000 வெள்ளியைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 விழுக்காடு. இந்தச் சங்கம் அந்த உயரத்துக்கு வரவில்லை. கையில் நிற்பது 232,750. பங்குக்கு 4 விழுக்காடு ஈவு கொடுக்க 240,000 வேண்டும். 7,250 வெள்ளி துண்டு விழுகிறது, முந்தைய ஆண்டுகளின் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சின்னத் தொகைதான். ஆனால் உறுப்பினர் முணுமுணுப்புக்குப் பயந்து ஆண்டுதோறும் அதே 4 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிர்வாகக் குழு, கூடுதல் வருமானத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தான பத்திரங்களின் பக்கம் சாயும். அந்த 15 மில்லியன் முதலீடு 10 விழுக்காடு விழுந்தால் 1.5 மில்லியன் போச்சு, சேமநிதி 4இலிருந்து 2.5 ஆகிவிடும். "நாப்பது வருஷமா ஒரே டிவிடெண்ட்" என்பது நல்ல செய்தி என்று அப்பா நினைக்கிறார். எனக்கு அது விசாரிக்க வேண்டிய செய்தி. வட்டி விகிதம் ஏறி இறங்கிய எல்லா ஆண்டுகளிலும் ஈவு மட்டும் அசையாமல் இருந்தால், இடைவெளியை எது நிரப்பியது என்று கேளுங்கள்.

அறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் மூன்று இடங்களை விடாதீர்கள். நிலுவையில் உள்ள கடன்களும் அதற்கான ஒதுக்கீடும்: மூன்று மாதத்துக்கு மேல் தவணை வராத தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, ஒதுக்கீடு கூடவே ஏறுகிறதா? முதலீட்டுப் பட்டியல்: ஒரே நிறுவனத்தின் பத்திரத்தில் பெரிய தொகை முடங்கியிருக்கிறதா? தொடர்புடைய தரப்பினர் குறிப்பு: நிர்வாகக் குழுவினருக்கும் ஊழியர்களுக்கும் கொடுத்த கடன் எவ்வளவு? இதோடு தணிக்கையாளரின் கருத்துப் பகுதியில் "தவிர" என்று தொடங்கும் வாக்கியம் ஏதாவது இருந்தால் இரண்டு தடவை படியுங்கள். ரொக்கக் கையிருப்புக்கும் மூலதனப் போதுமைக்கும் பதிவாளர் விதித்த அளவுகளைச் சங்கம் கடைப்பிடிக்கிறதா என்பதைப் பொதுக்கூட்டத்தில் நேராகக் கேட்கலாம். உறுப்பினருக்குக் கேட்க உரிமை உண்டு.

அப்பாவின் பணத்துக்கு வருவோம். முழுவதையும் பிடுங்கச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார். கணக்கு திருப்தியாக இருந்தால், மறுபடி சம்பாதிக்க முடியாத வயதில் இழந்தாலும் சாப்பாட்டுக்கு முட்டு வராத தொகை மட்டும் அங்கே இருக்கட்டும். மீதிக்கு இடமா இல்லை? வங்கி வைப்பு இருக்கிறது. ஆனால் பிஓஎஸ்பி, டிபிஎஸ் இரண்டிலும் போட்டுவிட்டு இரண்டு காப்பு என்று நினைக்கக் கூடாது. 1998இலிருந்து பிஓஎஸ்பி டிபிஎஸ்ஸுக்குச் சொந்தம், இரண்டு கணக்கையும் கூட்டித்தான் 100,000 வெள்ளி வரம்பு. கூட்டுக் கணக்கில் ஆளுக்குச் சரிபாதியாகப் பிரித்து, தனிக் கணக்கோடு சேர்ப்பார்கள்.

"சின்ன இடம், உள்ளூர் ஆட்கள், முகம் தெரிந்த மேலாளர்" என்பதுதான் அப்பாவுக்கு வேண்டுமென்றால், ஹொங் லியோங் ஃபைனான்ஸ், சிங் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அண்ட் ஃபைனான்ஸ், சிங்கப்பூரா ஃபைனான்ஸ் என்ற மூன்று உள்ளூர் நிதி நிறுவனங்கள் உள்ளன. நாணய ஆணைய உரிமம், எஸ்டிஐசி காப்பு இரண்டும் உண்டு. தமிழில் பேசி வேலை முடிக்க விரும்புவோர் போகும் இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் சிங்கப்பூர் வெள்ளி வைப்பில் அதே காப்பு பொருந்தும். ரூபாய் போன்ற வெளிநாட்டு நாணய வைப்புக்குக் கிடையாது.

சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரமும் அவருக்குப் பொருந்தும். குறைந்தது 500 வெள்ளி, ஒருவருக்கு மொத்தம் 200,000 வரை, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 2 வெள்ளி கட்டணம். எந்த மாதமும் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கலாம், பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில் வரும். பத்திரங்களை மின்னியல் முறையில் வைத்திருக்கும் சிடிபி கணக்கு வேண்டும். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஏடிஎம்மிலேயே விண்ணப்பிக்கலாம். 55 வயதுக்கு மேற்பட்டவர் மசேநிதி (மத்திய சேமநிதி) ஓய்வுக்காலக் கணக்கை நிரப்புவதும் ஒரு வழி, ஆனால் போட்ட பணம் திரும்பாது, மாதாமாதம் வழங்குதொகையாகத்தான் வரும். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடாதீர்கள்.

வரியும் ஒன்று இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. இங்குள்ள சாதாரண நிறுவனங்களின் பங்கு ஈவுக்குத் தனிநபர் வரி கட்டுவதில்லை. கூட்டுறவுச் சங்க ஈவுக்குக் கட்ட வேண்டும், வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டிய வருமானம் அது. வட்டிக்கான விலக்கும் அங்கீகரிக்கப்பட்ட வங்கி, உரிமம் பெற்ற நிதி நிறுவன வைப்புகளுக்கு உரியது. ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வரியே வராமல் போகலாம். சம்பளம் வாங்கும் உங்களுக்கு 40,000 வெள்ளியை மாற்றினால், விளம்பரத்தில் தெரியும் விகிதம் கையில் நிற்காது.

கடன். 3.5 விழுக்காடு என்று சொன்னார்களே, அது நிலையான முதல் (தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகை) மீதா, குறையும் முதல் (அடைத்தது போக மீதி) மீதா என்று கேட்டீர்களா? அநேகமாக முதலாவதுதான். 24,000 வெள்ளி, நாலு ஆண்டு, நிலையான 3.5 விழுக்காடு என்றால் வட்டி 3,360 வெள்ளி, மொத்தம் 27,360, மாதத் தவணை சரியாக 570. நாலாவது ஆண்டில் ஐயாயிரம் வெள்ளிதான் பாக்கி இருக்கும், வட்டி மட்டும் 24,000 வெள்ளிக்கே ஓடும். ஆகவே உண்மை வட்டி விகிதம் 6.6 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. 1.5 விழுக்காடு பரிசீலனைக் கட்டணம் பிடித்துக்கொண்டு 23,640 வெள்ளியைக் கையில் கொடுத்தால் அது 7.4க்கு ஏறும்.

குறையும் முதல் மீது 5 விழுக்காடு என்று ஒரு வங்கி சொன்னால் கேட்க அதிகமாக இருக்கும். தவணை 552.70தான். மாதம் 17 வெள்ளிக்கு மேல் மிச்சம், 48 மாதத்தில் 830 வெள்ளி. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு இடத்திலும் "உண்மை வட்டி விகிதம் எவ்வளவு, எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது. வங்கிகளின் புதுப்பிப்புக் கடன் பொதுவாக மாதச் சம்பளத்தின் ஆறு மடங்கு அல்லது 30,000 வெள்ளி, எது குறைவோ அது. உங்களுக்கு ஆறு மடங்கு 25,800, ஆகவே 24,000 வெள்ளி உங்கள் ஒரு சம்பளத்திலேயே அடங்கும். வேலை மாறுவதற்கு முன்பே விண்ணப்பித்து முடித்துவிடுங்கள். புது வேலையில் தகுதிகாண் காலத்தில் இருப்பவரின் விண்ணப்பத்தை வங்கிகள் தயங்கித்தான் பார்க்கும்.

சங்கக் கடனோடு மாதச் சந்தாச் சேமிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். மாதம் 50 வெள்ளி என்றால் நாலு ஆண்டில் 2,400, கடன் தீரும்வரை பெரும்பாலும் தொட முடியாது. முன்கூட்டியே அடைத்தால் மீதி வட்டியில் எவ்வளவு தள்ளுபடி என்பதையும் துணைவிதிகளில் பாருங்கள். சில இடங்களில் வட்டியின் பெரும்பகுதியை முதல் ஆண்டுகளிலேயே கணக்கெடுத்துவிடுவார்கள், பாதியில் அடைத்தாலும் பாதி வட்டி மிச்சமாகாது.

சம்பளத்தில் பிடித்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை நியமனச் சட்டப்படி ஒரு சம்பளக் காலத்தில் பிடித்தங்கள் மொத்தம் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வங்கியில் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் ஒப்புதலோடு பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் பிடித்தம் அந்த 50 விழுக்காட்டுக்குள் எண்ணப்படுவதில்லை. அந்த வேலி உங்களைக் காக்காது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது மொத்தக் கடன் சேவை விகிதத்தில், அதாவது வருமானத்தின் 55 விழுக்காட்டு வரம்பில், சங்கத் தவணையையும் நீங்கள் அறிவிக்க வேண்டும். வங்கிக் கடன் பட்டியலில் தெரியாது என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய் அறிவிப்பில் உங்கள் வங்கித் தொழிலே போய்விடும்.

இனி வேலை. எட்டு ஆண்டு முகப்பில் நின்றவருக்கு இந்த வேலையின் பாதி கண்ணை மூடிக்கொண்டு வரும்: சம்பளச் சீட்டு, மசேநிதிப் பங்களிப்பு அறிக்கை, வருமான வரி மதிப்பீடு, கடன் தகவல் அறிக்கை, பிணையாளர் படிவம். மற்றப் பாதி புதிது, அதுதான் ஆளைத் தின்னும். மாதாமாதம் உறுப்பினர்களின் பிடித்தப் பட்டியலை முதலாளி நிறுவனங்களின் சம்பளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அவர்களின் சம்பளக் கெடு தேதிக்கு முன். திரும்பி வரும் பட்டியலில் சில பெயர்களுக்குத் தொகை குறைவாக இருக்கும், சில பெயர்களே இருக்காது. ஒருவர் வேலையை விட்டிருப்பார், ஒருவர் சம்பளமில்லா விடுப்பில் இருப்பார், ஒருவர் துணை நிறுவனத்துக்கு மாறி ஊழியர் எண் மாறியிருக்கும், இன்னொருவரின் அடையாள எண்ணில் ஓர் எழுத்து தவறியிருக்கும். வந்த மொத்தத் தொகையைத் தற்காலிகக் கணக்கில் போட்டுவிட்டு "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விட்டால், ஆறு மாதத்தில் யார் தவணை தவறியவர், யார் பணம் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலையை விட்டவருக்கு முதல் கடிதம் மூன்றாவது மாதம் போனால், அவருடைய கடைசிச் சம்பளம் எப்போதோ கரைந்திருக்கும். பிடித்தம் திரும்பிய அதே வாரத்தில் கூப்பிட்டுப் பேசும் அதிகாரிதான் நல்ல கடன் அதிகாரி.

நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை. அலுவலகத்தில் எத்தனை பேர்? கடனைப் பரிந்துரைப்பவர், பணத்தை விடுவிப்பவர், வசூலைப் பதிவு செய்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களா? நாலைந்து பேர் உள்ள சங்கத்தில் மூன்றையும் ஒருவரே செய்வது சகஜம். "உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்பார்கள். நம்பிக்கை உங்களுக்குக் காப்பு அல்ல. ஆயிரம் வெள்ளி கணக்கில் இடித்தாலும் கைகாட்டப்படுவது நீங்கள்தான். வங்கியில் ஆண்டுக்கு ஒருமுறை தொடர் விடுப்பில் அனுப்பி உங்கள் வேலையை வேறொருவரைச் செய்யவைப்பார்களே, அது அங்கே உண்டா? தற்காலிகக் கணக்கில் இப்போது எவ்வளவு நிற்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மேலாளர் எண்ணைச் சொன்னால் நல்ல இடம். சிரித்து மழுப்பினால், அதைத் துப்புரவு செய்யத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அப்பா உறுப்பினர் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அவருடைய, அவர் பிணை நிற்கும் நண்பர்களுடைய விண்ணப்பங்களை நீங்கள் தொடக்கூடாது, கோப்பைத் திறக்கவும் கூடாது. தீபாவளி வீட்டுக்கு வரும் மாமாக்களில் பாதிப்பேர் உறுப்பினர்களாக இருப்பார்கள். "என் லோன் என்னாச்சும்மா" என்று கேட்பதும், "அவன் எவ்வளவு வாங்கியிருக்கான்" என்று கேட்பதும் வரும். முதல் கேள்விக்கு "அலுவலகத்துக்குக் கூப்பிடுங்க மாமா", இரண்டாவதுக்குப் பதிலே கிடையாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் கடன் வாங்கும் உறுப்பினர்கள்தான், உங்கள் சம்பள உயர்வை முடிவு செய்பவர்களும் அவர்களே. அவர்களில் ஒருவர் கடன் நிராகரிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்தால் யார் முடிவெடுப்பார் என்று துணைவிதிகளில் தேடுங்கள்.

சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். 13வது மாதச் சம்பளம், மருத்துவக் காப்பு, தொழிற்சங்கப் பாதுகாப்பு, பயிற்சிச் செலவு எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: வீட்டுக்கடன் உங்கள் வங்கியில் ஊழியர் சலுகை வட்டியில் இருக்கிறதா? இருந்தால் விலகிய பின் பொது விகிதத்துக்கு மாறிவிடக்கூடும். கடன் கடிதத்தில் அந்தப் பத்தியைப் பார்த்து, மாதத் தவணை எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்ட பிறகுதான் புதுச் சம்பளத்தைப் பேச வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடன் என்றால் இந்தக் கவலை இல்லை. விலகல் அறிவிப்புக் காலம் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு நாலு வாரம்.

வங்கிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இரண்டு மூன்று ஆண்டுக்குள் திரும்புவது எளிது. சங்கத்தில் நீங்கள் கடன் ஆய்வு முழுவதையும் தலைமுதல் கால்வரை செய்வீர்கள், வங்கிக் கிளையில் பத்து ஆண்டானாலும் அது கிடைக்காது. ஆனால் வங்கி முதலீட்டுப் பொருள்களை விற்கத் தேவையான தேர்வுத் தகுதிகள் உங்களிடம் இருந்தால், அவற்றைப் பயன்படுத்தும் வேலை சங்கத்தில் இல்லை. திரும்பும்போது என்ன மறுபடி எழுத வேண்டும் என்பதை இப்போதே விசாரியுங்கள்.

கணவர் பிணை நிற்கலாமா என்று கேட்டீர்கள். சங்கங்கள் பொதுவாக உறுப்பினர்களைத்தான் பிணையாளராக ஏற்கும், அவர் உறுப்பினர் இல்லையென்றால் அங்கே அந்தக் கேள்வியே எழாது. ஏற்றாலும் வேண்டாம். இரண்டு பிணையாளர் என்றால் ஆளுக்குப் பாதிப் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். படிவத்தில் பெரும்பாலும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்றிருக்கும், முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். ஒரே வீட்டு வருமானத்தில் ஒருவர் தவணை நின்றால் மற்றவராலும் கட்ட முடியாது. அப்பா இதுவரை யார் யாருக்குப் பிணை நின்றிருக்கிறார், எவ்வளவு பாக்கி என்று சங்கத்தில் ஓர் அறிக்கை வாங்கச் சொல்லுங்கள். அப்படியே அவருடைய வாரிசு நியமனப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மசேநிதி நியமனம் சங்கப் பணத்துக்குச் செல்லாது, சங்கத்துக்கென்று தனிப் படிவம். நாற்பது ஆண்டுக்கு முன் பிரம்மச்சாரியாகச் சேர்ந்தபோது எழுதிய பெயரே இன்னும் அதில் இருக்கலாம்.